வராதவர்களின் கணக்கு

ஆபீஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டன் சார் என்றால்தான் தெரியும். ஒரு கம்பெனி வருஷம் முழுக்க எரிக்கிற டீசல், இழுக்கிற கரண்ட், ஏசியிலிருந்து கசிகிற வாயு, ஓட்டுகிற லாரி, ஆட்கள் வேலைக்கு வந்து போகிற வண்டி என்று ஒன்று விடாமல் சேர்த்து, அந்தக் கம்பெனியால் மொத்தம் எத்தனை டன் கார்பன் காற்றில் கலக்கிறது என்று சொல்வது அவர் வேலை. ரொம்ப வருஷமாக இதே வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் அதன் எடைதான் கண்ணில் படும். பக்கத்து மேசைப் பெண் காபி கொண்டுவந்து வைத்தால், "இது எத்தனை கிராம் சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். அவரும் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று தெரிந்தே, "பால் ஊத்தினதா, ஊத்தாததா?" என்று பதில் கேள்வி கேட்பார். ஆபீஸ் சிரிக்கும்.

அவர் ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தான் வேறொன்று செய்கிற ஆள் இல்லை. கார் வாங்கவில்லை. ஏசி வைக்கவில்லை. விமானத்தில் ஏறிப் பல வருஷம் ஆகிவிட்டது. மனைவி இருந்தவரை இதற்காக நிறையக் கிண்டல் வாங்கிக் கட்டிக்கொண்டார். "என்னப் பாத்தாலும் உங்களுக்குப் புகைதான் தெரியுமா?" என்பாள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன ஒரே மகளின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவர் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகவே போய் வந்தாள். அதற்கடுத்த வருஷம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. மூன்று மாதம்கூட இழுக்கவில்லை.

இப்போது அவர் மட்டும்தான். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால் உள்ள வீட்டில் அவர் புழங்குவது ஹாலும் சமையலறையும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிடுவாள். அந்த ஒரு போனைச் சுற்றித்தான் அவர் வாரமே நகரும். இதைச் சொல்வேன், அதைக் கேட்பேன் என்று புதன்கிழமையிலிருந்தே சேர்த்து வைத்துக்கொள்வார். போன் வந்ததும் பாதி மறந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மகள் சொன்னாள்.

"அப்பா, வருஷக் கடைசி லீவுக்கு மூணு பேரும் வரலாம்னு இருக்கோம். குட்டிக்கும் ஸ்கூல் இல்ல. மூணு வாரம் இருப்போம்."

அவருக்குச் சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது. வாயில் எப்போதும் தயாராக இருப்பது எதுவோ அது வந்து விழுந்தது.

"மூணு பேர் போக வரன்னா கிட்டத்தட்ட ஏழு டன் ஆகுமேம்மா."

"ஏழு டன்னாப்பா?"

"ஆமா. நான் மூணு வருஷம் உக்காந்து சாப்பிட்டாலும் அவ்வளவு வராது."

மகள் சிரித்தாள். "நீங்க மாறவே மாட்டீங்கப்பா," என்றாள். அவரும் சிரித்தார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. போனை வைத்த பிறகுதான் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி ஏதோ ஒன்று நெருடியது. சிரித்தாளே, கோபமில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அவள் சொன்னாள். "யோசிச்சுப் பாத்தோம்பா. நீங்க சொன்னது சரிதான். இந்தத் தடவ வரல. இவரும் அதான் சொல்றாரு, நாமளே இப்படிப் பறந்துக்கிட்டு இருந்தா எப்படின்னு."

அவர், "அதுவும் சரிதாம்மா," என்றார். வேறு என்ன சொல்வார்? ஊரெல்லாம் போய் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைத்தானே அவள் திருப்பிச் சொல்கிறாள்.

பேத்தி போனைப் பிடுங்கினாள். எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றியெல்லாம் பாடம் வேறு நடந்திருக்கிறது போல.

"தாத்தா, நாங்க வராததால எவ்வளவு மிச்சம்?"

"ஏழு டன்டா குட்டி."

"ஏழு டன்னா எவ்வளவு பெருசு?"

அவர் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். வாயு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். "இங்க நம்ம வீட்டு ஹால் இருக்குல்ல? அந்த மாதிரி அறுபது ஹால் ரொம்பும்."

"அம்மாடி! அறுபது ஹாலா? இப்ப அது எல்லாம் காலியா இருக்குமா?"

"ஆமா," என்றார் அவர். "காலியா இருக்கும்."

"சூப்பர் தாத்தா!" என்று அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வேலையில் மூழ்கினார். மூழ்கினார் என்று சொல்வதைவிட ஒளிந்துகொண்டார் என்றே சொல்லலாம். அப்போது கையில் இருந்தது ஊருக்கு வெளியே ஒரு பெரிய குளிர்சாதனக் கிடங்கு. பழமும் மீனும் வெளியே போகும்வரை அழுகாமல் வைத்திருக்கிற இடம். உள்ளே போனால் மூச்சு வெள்ளையாக வரும். அங்கே மேனேஜர் ஒரு அம்மா; நடையும் வேகம், பேச்சும் வேகம். "சார், எவ்வளவு கம்மியா காட்ட முடியுமோ அவ்வளவு கம்மியா காட்டுங்க. பெரிய கஸ்டமர் ஒருத்தர் கேக்கிறாரு," என்று முதல் நாளே மனம் திறந்து சொல்லிவிட்டார்.

"நான் காட்டறது இல்லைங்க மேடம். இருக்கறத எண்ணுவேன், அவ்வளவுதான்."

"எண்ணுங்க, எண்ணுங்க. கொஞ்சம் பாத்து எண்ணுங்க."

கம்ப்ரஸருக்கு எத்தனை முறை வாயு நிரப்பினார்கள், ஜெனரேட்டர் எவ்வளவு ஓடியது என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆட்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்கக் கேன்டீனில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து பஸ், சைக்கிள், ஷேர் வண்டி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து தவித்தார். கடைசியில் தான் பக்கத்து லாட்ஜில் தங்கியிருப்பதாகவும், சனிக்கிழமை வேலை முடிந்ததும் பைக்கில் முந்நூறு கிலோமீட்டர் வீட்டுக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் கிளம்பித் திரும்பி வந்துவிடுவதாகவும் சொன்னார்.

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும் சார். இத எழுதினா லீவ கட் பண்ணிடுவாங்களா சார்?"

"சேச்சே. அது வேலைக்கு வர்ற பயணமே இல்லை. உங்க சொந்தப் பயணம். நம்ம கணக்குக்குள்ளயே வராது."

வண்டி ஓட்டுகிறவருக்குப் போன உயிர் வந்தது. உட்கார்ந்து டீயை ஒரு வாய் குடித்தார். கேட்கக் கூடாதுதான். ஆனாலும் டன் சார் கேட்டுவிட்டார். "அவ்வளவு தூரம் போய் ஒரு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். படுத்துத் தூங்குவேன். என் வீட்டம்மா டீவி பாத்துக்கிட்டே திட்டிக்கிட்டு இருப்பா, வந்ததும் விழுந்துட்டான் பாருன்னு. அந்தச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வரும்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது டன் சார் அந்தப் பைக்கின் பெட்ரோலைக் கணக்குப் போடப் பார்த்தார். தொழில் பழக்கம், விடாது. பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் பாதியில் நிறுத்திய கணக்கு அது ஒன்றுதான் இருக்கும்.

வருஷக் கடைசி வந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். மகள் வந்திருந்தால் இன்றைக்குப் பேத்தி சோபாவில் குதித்துக்கொண்டிருப்பாள், இன்றைக்கு மாப்பிள்ளை ஏசி இல்லை என்று முணுமுணுக்காமல் முணுமுணுப்பார் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று தோன்றியது. காலையில் ரொட்டியும் முட்டையும், மத்தியானம் ஏதோ ஒன்று, இருட்டியதும் படுக்கை. அடுப்பை மூட்டக்கூடச் சோம்பலாக இருந்தது. பேசவே ஆள் இல்லாமல் தொண்டை கட்டிப்போய், கடையில் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்டபோது யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் காலிங் பெல் அடித்தது. அடித்துப்பிடித்துக்கொண்டு போய்த் திறந்தார். கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்திருந்தார். தோளில் பை, கையில் டெஸ்டர்.

"மீட்டர் பாக்கணும் சார். இந்த வீட்டு ரீடிங் ரொம்பக் கம்மியா வருது. மீட்டர் ஓடலன்னு ஆபீஸ்ல சந்தேகம்."

"ஓடுதே. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இருக்கும் சார். ஆனா ஒருதடவ லோடு போட்டுப் பாத்துடறேன். வீட்டுல இருக்கற எல்லாத்தையும் கொஞ்சம் ஆன் பண்றீங்களா?"

டன் சார் ஹால் விளக்கைப் போட்டார், ஃபேனைப் போட்டார். சமையலறை விளக்கு, மிக்ஸி. "அந்த ரூமு சார்?" என்றார் வந்தவர். டன் சார் தயங்கிக்கொண்டே முதல் அறையைத் திறந்தார். அடைத்து வைத்த காற்று முகத்தில் அடித்தது. மகள் கல்யாணத்துக்கு முன் இருந்த அறை. விளக்கு, ஃபேன், மேசை விளக்கு. அடுத்தது அவரும் மனைவியும் படுத்த அறை. அவள் போன பிறகு அவர் சோபாவிலேயே படுத்துப் பழகிவிட்டார். கட்டிலுக்குத் தலைமாட்டில் அவள் புத்தகம் படிக்கிற விளக்கு இருந்தது. எரியாது என்று நினைத்து சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. வாஷிங் மெஷின், கெய்சர், இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போடப் போட வீடு ஹோவென்று சத்தம் போட ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், விருந்தாளியா?" என்று எட்டிப் பார்த்தார்.

வாசலில் மீட்டருக்கு முன்னால் நின்ற ஆள், சிவப்புப் புள்ளி படபடவென்று மினுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா ஓடுது சார். மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல." பையை மாட்டிக்கொண்டே கேட்டார், "வீட்டுல யாரும் இல்லன்னு எழுதிக்கட்டுமா? ரீடிங் கம்மிக்குக் காரணம் போடணும்."

"நான் இருக்கேனே."

வந்தவர் அவரைப் பார்த்தார். தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "சரிங்க சார், ஒரு ஆள்னு போட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினார்.

டன் சார் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அத்தனையும் எரிந்துகொண்டும் சுற்றிக்கொண்டும் இருந்தன. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கிருந்தாலும் எழுந்து போய் அணைக்கிற மனுஷன் அவர். அன்றைக்கு அணைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியையும் கெய்சரையும் மட்டும் நிறுத்திவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார். ஃபேன் காற்றில் மகள் அறைக் கதவு தானே கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி ஆடியது. யாரோ வரலாமா என்று கேட்பது போல் இருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை இல்லை, இருந்தாலும் போனை எடுத்தார்.

"என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?" மகள் குரல் பதறியது. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்." சும்மா கூப்பிட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. "வந்திருக்கலாம்மா நீங்க."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் அந்த ஏழு டன் சொன்னது தப்பும்மா. கணக்கு தப்பில்ல, கணக்கு சரிதான். அந்த நேரத்துல அதச் சொன்னது தப்பு. உன்ன வராதன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்பா, அதனால நான் வராம நிக்கலப்பா." அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "உண்மையச் சொல்லட்டுமா? நீங்க ஏழு டன்னு சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"என்னம்மா சொல்ற?"

"போன தடவ நான் வந்தப்ப வீடு முழுக்க ஆளுங்க. அழறதுக்கும் ஆளு, சமைக்கறதுக்கும் ஆளு. அம்மா இல்லங்கறதே உறைக்கல. இந்தத் தடவ வந்தா கதவ நீங்க திறப்பீங்க, உள்ள அம்மா இருக்க மாட்டாங்க. டிக்கெட் பாக்க உக்காந்தா பாதிலயே மூடி வெச்சுடறேன். இவர்கிட்டகூடச் சொல்லல. நீங்க ஒரு நம்பர் குடுத்தீங்க. நல்ல காரணமா இருந்துச்சு, புடிச்சுக்கிட்டேன்."

அவர் எழுந்து போய், ஆடிக்கொண்டிருந்த மகள் அறைக் கதவைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"நானும் அப்படித்தாம்மா."

"நீங்களா?"

"நீங்க எல்லாரும் அன்னிக்குக் கிளம்பிப் போனீங்கல்ல. மறுநாள் காலைல பாத்தா குட்டி தண்ணி குடிச்ச டம்ளர் மேசைல இருக்கு. ஒரு வாரம் அதக் கழுவல. ஆளுங்க வந்துட்டுப் போற வீடு, ஆளே வராத வீட்ட விட மோசமா இருக்கும்மா. மறுபடியும் அது வேணாம்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு போல. நீ வரேன்னதும் சந்தோஷமும் வந்துச்சு, அந்தப் பயமும் வந்துச்சு. வாயில டன்னுதான் வந்துச்சு."

மகள் அழுதாள். அவரும் அழுதிருப்பார், ஃபேன் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கேட்டாள், "என்னப்பா அங்க ஒரே சத்தம்?"

"எல்லா ஃபேனும் ஓடுது."

"உங்க வீட்லயா!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவர் சொன்னார், "நான் அங்க வரேம்மா. லீவு நெறைய கெடக்கு. ஒருத்தன் வந்தா மூணுல ஒரு பங்குதானே."

"கணக்கு சொல்லாம வரவே மாட்டீங்களா?"

"வருவேன். வர்றேன்."

வேனில் தொடங்கும்போது போனார். விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, எவ்வளவு எரிபொருள் போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். அது நல்ல காரியம் என்று அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர், "வேலை விஷயமா?" என்று கேட்டதற்கு, "இல்ல, பொண்ணு வீட்டுக்கு," என்று சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் மிடுக்கு ஏறியது.

அங்கே இருந்த நாட்கள் கதையில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையோடு ஹீட்டரைக் குறைத்து வைப்பது பற்றி இரண்டு நாள் மௌனப் போர் நடந்தது. பேத்தி முதல் வாரம் ஒட்டிக்கொண்டாள், அடுத்த வாரம் தோழிகளோடு போய்விட்டாள். ஜன்னலோரமாக ஒரு மர நாற்காலி இருந்தது. அதில் அவர் துணி மடித்து வைக்கப் போனபோது மகள் சொன்னாள், "அம்மா வந்திருந்தப்ப அதுலதான் உக்காருவாங்க. தெருவ வேடிக்கை பாத்துக்கிட்டே இருப்பாங்க." அவர் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு குப்பை வண்டி, நாயோடு நடக்கிற ஒரு மனிதர், ஒரு மரம். பிரமாதமாக எதுவும் இல்லை. கடல் தாண்டித் தனியாக வந்து மனைவி இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார். மகள் வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்து கீழே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்தார். அவர் எதற்குப் பயந்தாரோ அது கொஞ்சமும் குறையாமல் நடந்தது. கதவைத் திறந்ததும் வீடு அவர் மேல் கவிழ்ந்தது. பெட்டியை நடு ஹாலில் வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். ஆபீஸில் அந்த வருஷம் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த டன் கணக்கைப் போட்டபோது எல்லோரையும்விட அவர் தொகைதான் மேலே இருந்தது. பக்கத்து மேசைப் பெண், "சார், நீங்களா!" என்று வாயைப் பிளந்தாள். அவர் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. "நான்தாம்மா," என்றார்.

அதெல்லாம் பிறகு. வந்து இறங்கிய அன்று, பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, மகள் கூப்பிட்டுவிட்டாள்.

"போய்ச் சேந்துட்டீங்களாப்பா?"

"சேந்துட்டேன்."

"வீடு எப்படி இருக்கு?"

எப்போதும் இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான். நல்லா இருக்கும்மா. அதைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

"ரொம்ப அமைதியா இருக்கும்மா. கஷ்டமா இருக்கு."

"இங்கயும் அப்படித்தாம்பா இருக்கு." பிறகு அவள் சொன்னாள், "அடுத்த வருஷம் நான் வரேன். முதல்ல நான் மட்டும் வரேன். என்னால முடியுமான்னு தெரியல. ஆனா வரேன்."

"வாம்மா," என்றார் அவர். எந்த நம்பரும் சொல்லவில்லை.

"போனை வைக்காதீங்கப்பா. எனக்குச் சமையல் வேலை கெடக்கு. பக்கத்துல வெச்சுட்டுப் பண்றேன். நீங்க பேச வேணாம், சும்மா இருங்க."

அவர் போனைச் சோபாக் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அங்கே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தம், பேத்தி எதையோ கேட்க மகள் அவளை அதட்டுகிற சத்தம். அவர் செருப்பைக் கழற்றினார். பெட்டியைத் திறந்து, அழுக்குத் துணியை ஒரு பக்கமும் நல்ல துணியை ஒரு பக்கமுமாகப் பிரிக்க ஆரம்பித்தார்.